நன்கொடையா, நம் உழைப்பின் பங்கா?

(கிராமச் சங்கங்களின் ஊழியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஒரு ஊரில் இரவுப் பாடசாலை நடக்கிறது. கரும்பலகை வாங்க வழியில்லை. இன்னொரு ஊரில் வாசகசாலை இருக்கிறது, கூரை ஒழுகுகிறது. வேறோர் ஊரில், பனியன் கம்பெனிக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் செல்ல ஓர் இடம் கேட்கிறார்கள். சங்கம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பணம்தான் இல்லை. யாரைப் போய்ப் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்பதே உங்கள் கேள்வி.

பணம் இருக்கிறது, தோழர்களே. 2013-ம் வருஷத்திய கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தது. நிகர சொத்து மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது வியாபாரம் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இம்மூன்றில் ஒன்றை எட்டும் கம்பெனி, முந்திய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று அந்தச் சட்டம் வரம்பு வைத்தது. சராசரி லாபம் 10 கோடி என்றால் 20 லட்சம் ரூபாய். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டுமென்றும் அதே பிரிவு சொல்கிறது.

இது முதலாளியின் கருணையா? இல்லை. கட்டிங் மேஜையிலும், ஓவர்லாக் மெஷினிலும், கைமடியிலும் உழைத்தவர்களின் வியர்வையில் பிறந்த லாபத்தின் ஒரு சிறு துளி. சட்டம் கேட்கிறது, கம்பெனி கொடுக்கிறது. ஆகவே கும்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை; ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

ஒழுங்கு என்றால் என்ன? முதலாவது, பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஜில்லாப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதியலாம். இரண்டாவது, வருமான வரித் துறையின் பதிவுகள். 12ஏ, 80ஜி என்று நெடுங்காலமாகப் பேசப்படுபவை இவைதான். மூன்றாவது, 2021 ஏப்ரல் முதல் கம்பெனித் துறையிடம் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து எண் பெறாத சங்கத்துக்குக் கம்பெனி இந்த நிதியைக் கொடுக்க முடியாது. நான்காவது, மூன்று வருஷமாவது வேலை செய்த அனுபவம் காட்ட வேண்டும்.

நேற்று முளைத்த சங்கம் என்ன செய்வது? ஏற்கெனவே பதிவும் கணக்கும் உள்ள ஒரு சங்கத்தோடு சேர்ந்து ஒரே திட்டமாகப் போடுங்கள். ஐந்து கிராமம் ஐந்து மனு எழுதுவதைவிட, ஐந்து கிராமத்துக்கும் ஒரே மனு என்றால் அதற்குப் பலம் அதிகம். எந்தக் கம்பெனி எந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது என்பதைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டுமென்று விதி இருக்கிறது. படித்த நம் பிள்ளைகள் செல்போனிலேயே அதைப் பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்துக்கே செலவு செய்யும் கம்பெனியிடம் குட்டை தூர் வாரப் பணம் கேட்டு அலைய வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பூரில் பல பனியன் கம்பெனிகள் பேருக்குத்தான் கம்பெனி. பதிவில் அவை கூட்டு வியாபாரமாகவோ ஒருவரின் தனி வியாபாரமாகவோ இருக்கும். 135-வது பிரிவு அவற்றைத் தொடாது. போர்டைப் பார்த்து ஏமாறாமல் பதிவைப் பாருங்கள்.

வெளிநாட்டு நிதி? முன்பெல்லாம் பட்டணத்துப் பெரிய ஸ்தாபனம் வெளிநாட்டிலிருந்து வாங்கி, கிராமத்துச் சிறு ஸ்தாபனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். வாங்கியவர் இன்னொரு ஸ்தாபனத்துக்குக் கொடுக்கக் கூடாது. பணமும் டில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். ஆகவே உள்நாட்டு வழிகளையே நாம் நாட வேண்டியிருக்கிறது. சர்க்காரின் 'நமக்கு நாமே' திட்டமும் அதில் ஒன்று. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊரார் போட்டால் மிச்சத்தை அரசு போடும். அந்த ஊர்ப் பங்குக்கு வழிதேடவும் இப்படிப்பட்ட நிதிகளை நாடலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பணம் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை வாங்கியபின் நம் வாய் திறக்குமா?

நொய்யல் ஆற்றை நினைத்துப் பாருங்கள். சாயக் கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீர் பாசனத்துக்கு உதவாமல் போயிற்று. நொய்யல் நதி ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2006-ல் விவசாயிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சாய ஆலை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009-ல் உச்சநீதிமன்றத்திலும் அவர்கள் தோற்றார்கள். தீர்ப்பின்படி நடக்காததால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சங்கம் கழிவு விடும் ஆலையிடமே தண்ணீர்த் தொட்டி கட்டப் பணம் வாங்கி, 'ஆலையைப் பற்றிப் பேசமாட்டோம்' என்று கையெழுத்தும் போட்டிருந்தால், அது கோர்ட்டுப் படி ஏறியிருக்குமா?

கூலி விஷயமும் அப்படித்தான். தன் தொழிலாளர்களுக்காக மட்டும் கம்பெனி செய்யும் செலவைச் சமூக நிதிக் கணக்கில் எழுதக் கூடாதென்று விதியே சொல்கிறது. கூலி வேறு, பஞ்சப்படி வேறு, சேமநல நிதி வேறு, இந்த 2 சதவீதம் வேறு. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுத்தவர் என்பதற்காக ஓவர்டைம் பாக்கியை விட்டுக்கொடுக்க முடியாது. 1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது பஞ்சப்படிக்காக. அதை எந்த நன்கொடை நிதியும் வாங்கித் தரவில்லை. ஒற்றுமை வாங்கித் தந்தது.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, உறுப்பினர் சந்தாவை நிறுத்தாதீர்கள். மாதம் பத்து ரூபாயானாலும் அது நம் சொந்தக் கால். வருகிற நிதி நின்றாலும் சங்கம் நிற்கும். இரண்டு, வரவு செலவை ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டுங்கள். கம்பெனிக்கு அனுப்பும் அதே கணக்கை விவசாயத் தொழிலாளியும் பார்க்கட்டும். ஒளிவு மறைவு புகுந்த இடத்தில் சங்கம் இரண்டாக உடையும். மூன்று, ஒப்பந்தத்தைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். வாயை அடைக்கும் நிபந்தனை ஒரு வரி இருந்தாலும், அதை நீக்கினால்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள்.

கூரை போட வேண்டும், பலகை வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாலும் இடமும் வேண்டும். அதற்கு உரிய பணத்தை நிமிர்ந்து நின்று கேட்டு வாங்குவோம். ஒவ்வொரு காசுக்கும் ஜனங்களிடம் கணக்குச் சொல்வோம். கூலியையும் குரலையும் மட்டும் எவருக்கும் ஈடு வைக்க மாட்டோம்!