மூத்த மகனும் அந்த வீட்டில்தான் இருந்தான்

(வானொலி மறையுரை: தவக்காலம் நான்காம் ஞாயிறு)



லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இளைய மகன் வீடு திரும்புகிறான். அவன் பன்றி மேய்த்தது, பசியில் வாடியது, தந்தை ஓடிவந்து அவனைத் தழுவியது என்று நம் மறையுரைகளும் பெரும்பாலும் அவனோடுதான் போகின்றன. அவன் இல்லாத அந்த நாள்களில் வீட்டில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. இன்று கேட்போம். ஏனெனில், நம் பங்குகளில் குடியால் தவிக்கும் வீடுகள் ஒன்றிரண்டல்ல.

அப்படி ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். திங்கட்கிழமை காலை. அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா மேஸ்திரிக்குப் போன் செய்து, "அவருக்குக் காய்ச்சல்ங்க" என்கிறார். பொய் சொல்ல அவருக்குப் பிடிக்காது. வேலை போய்விட்டால் உலை கொதிக்காதே! மூத்த மகன் பால் வாங்கி, தங்கையின் சீருடையைத் தேய்த்து, கடன் கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறான். வகுப்பில் அவன்தான் முதல் மாணவன். இரண்டாமவன் நேற்று யாரையோ அடித்துவிட்டான். "இவனாலதான் எம்புள்ள குடிக்கிறான்" என்கிறார் பாட்டி. மகள் ஒரு மூலையில் புத்தகத்தோடு இருக்கிறாள். அவள் சாப்பிட்டாளா என்று யாருக்கும் தெரியாது. கடைக்குட்டி அப்பாவைப் போலத் தள்ளாடி நடந்து காட்ட, எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள். காலைச் சண்டை அந்தச் சிரிப்பில் அடங்குகிறது.

அமெரிக்கக் குடும்ப ஆலோசகர் ஷரன் வெக்‌ஷைடர்-குரூஸ், தாமும் இத்தகைய வீட்டில் வளர்ந்தவர். 1981இல் வெளிவந்த தம் நூலில் இந்த வேடங்களை அவர் விளக்கினார்: குடியை மூடிமறைத்துத் தாங்குகிறவர், வீரர், பலிகடா, காணாமற்போன குழந்தை, கோமாளி. எல்லா வீடும் இதற்குள் அடங்கிவிடாது. ஒரே பிள்ளை இரண்டு வேடம் போடுவதும் உண்டு. ஆனால் அந்த நான்காவது பெயர் நம்மை உறுத்த வேண்டும். உவமையில் காணாமற்போனவன் தொலைநாட்டுக்குப் போனவன். இங்கே காணாமற்போனவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

இந்த வேடங்களை யாரும் விரும்பி ஏற்பதில்லை. வீடு இடிந்து விழாமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் தோள்கொடுக்கிறார்கள். அந்தத் தாங்கலிலேயே குடியும் நிலைத்துவிடுகிறது. நோவா திராட்சை இரசம் குடித்து ஆடை விலகிக் கிடந்தபோது, சேமும் எப்பேத்தும் பின்னோக்கி நடந்து வந்து தந்தையைப் போர்த்தினார்கள் என்று தொடக்கநூல் கூறுகிறது. ஒரு நாள் போர்த்துவது மரியாதை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போர்த்திக்கொண்டே இருந்தால், தமக்கு நோய் இருக்கிறது என்பதே அந்த மனிதருக்குத் தெரியாமற்போகும்.

இதில் நம் பங்கும் உண்டு. அந்த மூத்த மகனுக்குப் பங்குத் திருவிழாவில் பரிசு கொடுத்துக் கைதட்டுகிறோம். பேசாத மகளைத் தங்கமான பிள்ளை என்கிறோம். அழுதுகொண்டு வந்த தாய்மாரிடம், "பொறுத்துப் போங்கள், அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அருள்பணியாளர்களாகிய நாம் இதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். அடி விழும் வீட்டில் பொறுத்துப்போவதைச் சிலுவை என்று நாம் சொல்லியிருக்கக் கூடாது.

குடி நின்றாலும் வேடம் உடனே கலைவதில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பில் வில்சன் குடியை விட்டபின், ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று மனைவி லோயிசை அவசரப்படுத்தினார். அவரோ கோபத்தில் காலணியை எடுத்து வீசிவிட்டார்! கணவரைக் காப்பாற்றுவதே வாழ்க்கையாக இருந்தவருக்கு, இப்போது அந்த வேலை இல்லை. தமக்கும் குணம் வேண்டும் என்று அன்று உணர்ந்தவர், 1951இல் குடும்பத்தினருக்கான அல்-அனான் இயக்கத்தைத் தொடங்கினார். நம் சென்னையிலும், குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார்கள். அங்கே குடும்பத்தினரும் சிகிச்சையில் பங்குபெறுகிறார்கள். குடிக்கிறவர் வர மறுத்தாலும், மனைவி மட்டும் தனியாக அல்-அனான் கூட்டத்துக்குப் போகலாம். இது பலருக்குத் தெரியாது.

உவமைக்குத் திரும்புவோம். மூத்த மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். இத்தனை ஆண்டு உழைத்தும் தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்றான். அதைப் பொறாமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவன் களைத்துப்போனவன். தந்தை விருந்தை விட்டு வெளியே வந்தது அவனுக்காகத்தான்.

இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் அப்படி ஒரு பையனைப் பார்த்தால், "அப்பா இப்ப எப்படி இருக்காரு?" என்று தொடங்க வேண்டாம். "நீ சாப்பிட்டியா தம்பி? ராத்திரி தூங்கினியா?" என்று கேட்போம். அவன் உடனே பதில் சொல்லமாட்டான். சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.