ஈரம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது
(தமிழ்க் குடியிருப்பாளர்களுக்கு ஆற்றப்பட்ட உரை)



மாரி பிறந்தால் யன்னலைச் சாத்துவது யாழ்ப்பாணத்து வழக்கம். அங்கே ஈரம் வெளியிலிருந்து வருவதால் அது பொருத்தமானதே. 1980களில் பின்மார்க்கின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் அவ்வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். ஆனால் வடதுருவ வட்டத்துக்கு அப்பால் நிலைமை நேர்மாறானது. இங்கே குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும் ஈரம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது.

20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூச்சியம் பாகையில் சுமார் 5 கிராம் மட்டுமே. எனவே வெளியே பனி பொழிந்தாலும், உள்ளே வந்து சூடேறும் காற்று உலர்ந்த காற்றேயாகும். புட்டும் இடியப்பமும் அவிக்கையிலும், குளிக்கையிலும், உடுப்பு உலர்த்துகையிலும் எழும் நீராவியோ வெளியேற வழியின்றி, வீட்டின் குளிர்ந்த இடங்களில் நீராகப் படிகிறது. வெளிச்சுவரின் மூலை, அலுமாரியின் பின்புறம், யன்னற் சட்டம் ஆகியவை அத்தகைய இடங்கள்.

1944–45இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் எரித்தழித்த ஹம்மர்பெஸ்ட் நகரம், போருக்குப் பின் மீளக் கட்டப்பட்டது. அக்காலத்து வீடுகள் பலவற்றில் சுவரிலுள்ள காற்றுத் துளைகளே காற்றை மாற்றுகின்றன. குளிருக்கு அஞ்சி அவற்றைத் துணியால் அடைப்பது ஈரத்தைச் சிறைப்பிடிப்பதற்கு ஒப்பாகும். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியனே உதிக்காத ஊரில், மெத்தையை வெயிலில் காயவைக்கவும் வழியில்லை.

ஆகவே, நாளுக்கு இருமுறையேனும் எதிரெதிர் யன்னல்களை ஐந்து நிமிடம் அகலத் திறத்தல் வேண்டும். சமைக்கும்போது பாத்திரத்தை மூடிப் புகைபோக்கி விசிறியை இயக்குக. படுக்கையறையையும் மிதமாகச் சூடாக்குக. தளபாடங்களை வெளிச்சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்குக.

சிறிய பூஞ்சணத்தைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சவர்க்கார நீரால் கழுவி, நன்கு உலர்த்தலாம். உலர்ந்த நிலையில் துடைத்தால் அதன் வித்திகள் பரவும். மேலே வர்ணம் பூசுவது கறையை மறைக்குமேயன்றிக் காரணத்தை அகற்றாது. குளோரின் திரவத்தை வினாகிரியுடனோ வேறு துப்புரவுத் திரவத்துடனோ ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு உண்டாகும்.

கழுவியும் மீண்டும் தோன்றும் கறை, கூரை ஒழுக்கையோ குழாய்க் கசிவையோ சுட்டலாம். வாடகை வீட்டில் வசிப்போர் சிலர், வீட்டை இழக்க நேருமோ என்றஞ்சி மௌனம் காக்கின்றனர். 1999ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, உடனடியாகத் திருத்தவேண்டிய சேதத்தைத் தாமதமின்றி உரிமையாளருக்கு அறிவிப்பது குடியிருப்பவரின் கடமை. எனவே அது முறைப்பாடு மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்; அறிவிக்காது விட்டால், பெருகிய சேதத்தின் பொறுப்பு அவர்மீதே சாரக்கூடும். திகதியுடன் எழுத்தில் அறிவித்து, நிழற்படத்தையும் இணைத்து, பிரதியொன்றை வைத்திருத்தல் நன்று.

ஈரமான வீடு ஆஸ்துமாவை மோசமாக்கும். இருமல் நீடிக்கும் பிள்ளையைக் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்போது, வீட்டிலுள்ள பூஞ்சணத்தையும் கூறவேண்டும். 2022 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, தேவையானபோது தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது பொது நிறுவனங்களின் பொறுப்பாகும். நோயுற்ற பிள்ளையே பெற்றோருக்காக மொழிபெயர்க்கவேண்டிய நிலை இனி வேண்டியதில்லை.