மூச்சில் ரெண்டு வகை

கைபேசியில் வரும் மூச்சுப் பயிற்சி வீடியோ எல்லாமே மனசை அமைதியாக்கும்னு நினைக்கிறோம். அப்படி இல்லீங்க. நிமிடத்துக்கு 6 முறை மெதுவாக இழுத்து, நீளமாக வெளியே விட்டால் படபடப்பு தணியும். வேகவேகமாக இழுத்து, பிறகு மூச்சை அடக்கும் பயிற்சியோ அட்ரினலினை ஏற்றும். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வு 2014-இல் வெளியானது. குளிர்ப் பயிற்சியோடு இதைப் பழகியவர்களுக்கு, நுண்ணுயிர் நச்சை ஊசியில் செலுத்தியபோதும் காய்ச்சல் அறிகுறிகள் குறைவாகவே இருந்தன. ஆச்சரியம்தான்! ஆனா அவங்க மருத்துவக் கண்காணிப்பில் இருந்த ஆரோக்கியமான இளைஞர்கள். கிணறு, குளத்துல இறங்கி இதைச் செய்யவே செய்யாதீங்க. நினைவு தப்பினால் மூழ்கிவிடுவீர்கள். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

கடும் உடற்பயிற்சியும் அளவோடுதான். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை நல்ல தொடக்கம். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ 8 கி.மீ. நடைபாதை மாவட்டந்தோறும் இருக்கிறது. காய்ச்சல் அடிக்கும்போது மட்டும் ‘வியர்த்தா சரியாயிடும்’னு ஜிம்முக்குக் கிளம்பாதீங்க. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். அப்போது கடுமையாக உழைத்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். நெஞ்சுவலி, மயக்கம் என்றால் உடனே 108. மற்ற சந்தேகங்களுக்கு 104-ஐ அழைத்துக் கேளுங்க.