கோபுரத்தடியில் கிடந்த ஆசிரியர்



ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால மானுடவாதம் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்கிறேன். மானுடவாதம் முழுதும் அதற்குள் இருக்கிறது.

1350ஆம் ஆண்டு. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கைக்கு ஒரு பழைய லத்தீன் ஏடு வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த குவிண்டிலியன் என்ற ஆசிரியர், ஒரு பிள்ளையை எப்படி வளர்த்துக் கல்வி கொடுப்பது என்று எழுதிய நூல். ஆனால் பாதிக்குப் பாதி சிதைந்து கிடக்கிறது. பெட்ரார்க் என்ன செய்தார் தெரியுமா? இறந்து ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேலான அந்த ஆசிரியருக்கே கடிதம் எழுதினார்! உங்களை இப்படிக் குலைந்த நிலையில் பார்க்க நெஞ்சு வலிக்கிறது. உங்களை முழுதாக வைத்திருப்பவர் எங்கோ இருக்கலாம். தன் வீட்டு விருந்தாளி யாரென்று அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

நண்பர்களே, பழைய ஏட்டில் அவர் பார்த்தது ஒரு மனிதரை. மானுடவாதம் அந்தப் பார்வையில் பிறந்தது.

66 ஆண்டுகள் ஓடின. 1416ஆம் ஆண்டு, கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் பெருஞ்சங்கம் கூடியிருக்கிறது. போஜியோ பிராச்சியோலினி போப்பாண்டவரின் செயலாளர். அந்தப் போப்பையே முந்தைய ஆண்டு பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வேலை இல்லை. மனிதர் முடங்கிக் கிடக்கவில்லை. ஏடு தேடிக் கிளம்பினார். செயின்ட் கால் மடாலயத்தில், ஒரு கோபுரத்தின் அடியில், சிறைக்கொட்டடி போன்ற இருட்டறை. அங்கே பூஞ்சையும் தூசியும் மூடி, ஆனால் முழுதாகக் கிடந்தார் குவிண்டிலியன்! போஜியோ உட்கார்ந்து தன் கையாலேயே படியெடுத்தார்.

அந்த ஆசிரியர் அப்படி என்ன சொன்னார்? பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்றார். விளையாட்டோடு விளையாட்டாகக் கற்றுக்கொடுங்கள் என்றார். நல்ல மனிதனாக இல்லாதவன் நல்ல பேச்சாளன் ஆக முடியாது என்றார். மேடையில் நிற்கும் எனக்கும் சேர்த்துச் சொன்ன சொல் அது.

ஏடு எழுந்தது, பள்ளிக்கூடம் பிறந்தது. 1423இல் மாந்துவா நகரில் விட்டோரினோ தா பெல்த்ரே ஒரு பள்ளி தொடங்கினார். அதன் பெயர் மகிழ்ச்சி இல்லம். அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு ஏழைப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள், கட்டணம் இல்லாமல். பெண் குழந்தையும் படித்தாள். இலக்கணம், சொற்கலை, வரலாறு, கவிதை, அறவியல் ஆகிய ஐந்தையும் ‘மனிதத்தன்மைக்கான கல்வி’ என்று அன்று அழைத்தார்கள். மானுடவாதி என்ற பெயரே இவற்றைக் கற்பித்தவர்களுக்கு வந்த பெயர்தான். கடவுளை மறுத்து வந்த பெயர் அல்ல. பெட்ரார்க்கும் திருச்சபையைச் சேர்ந்தவரே.

இதே குவிண்டிலியனை உயிராக நேசித்த இன்னொருவர் லொரென்சோ வல்லா. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பேரரசையே போப்புக்கு எழுதிக் கொடுத்தார் என்று ஒரு சாசனம் பல நூற்றாண்டுகளாக நடமாடியது. 1440இல் வல்லா அதைச் சொல் சொல்லாகப் படித்தார். ‘சத்ரப்’ என்றொரு சொல் இடித்தது. அது பாரசீக ஆளுநரின் பட்டம். கான்ஸ்டன்டைனின் ரோமில் அதற்கு என்ன வேலை? இந்த லத்தீனே அந்தக் காலத்து லத்தீன் அல்ல, சாசனம் போலி என்று நிறுவினார். வாளால் அசைக்க முடியாததை ஒரு சொல் அசைத்தது!

ஒரே புத்தகம் பெட்ரார்க்குக்குப் பாசத்தைத் தந்தது. விட்டோரினோவுக்குப் பரிவைத் தந்தது. வல்லாவுக்குக் கேள்வி கேட்கும் துணிவைத் தந்தது. மாணவச் செல்வங்களே, எழுதியவரை உறவாக நினைத்துப் படியுங்கள். எழுதியதைச் சொல் சொல்லாகச் சோதித்தும் படியுங்கள். ஆசிரியப் பெருமக்களே, பிரம்பை நீங்கள் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் கோபுரத்தடியிலிருந்து எழுந்து வருகிறார்.