கடல்நீர்த் தொட்டியில் முதல் மீன் விடும் முறை

கறவை மாடு, ஆடு, கோழி என்று நமக்குப் பல உபதொழில்கள் உண்டு. கடலோரக் கிராமங்களில் அந்த வரிசையில் கடல் அலங்கார மீன் வளர்ப்பும் சேர்ந்திருக்கிறது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைப் பார்த்திருப்பீர்கள். கடலிலே கடல் சாமந்தியோடு ஒட்டி வாழ்கிற மீன் அது. மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள், இதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. பொரிப்பகத்தில் சிறு குஞ்சுகளை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வளர்த்து, விற்கும் அளவு வந்ததும் கொடுத்துவிடுவது ஒரு நல்ல உபதொழில்.

இதில் கைமுதல் கரைவது எப்போது தெரியுங்களா? பெரும்பாலும் மீன் வந்த முதல் பத்து நாளில்தான். திங்கட்கிழமை தொட்டி வாங்குவார்கள், செவ்வாய்க்கிழமை கடல்நீர் ஊற்றுவார்கள், புதன்கிழமை மீன் விடுவார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். நாலாம் நாள் மீன் இரை எடுக்காது. அப்புறம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். கண் பட்டது, குஞ்சு சரியில்லை, கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் ஒன்றுதான். தண்ணீர் தெளிந்திருந்ததே தவிர, தொட்டி பழுக்கவில்லை.

தொட்டி பழுப்பது என்றால் என்ன?

பச்சைச் சாணத்தை அப்படியே நாற்றுக்குப் போட்டால் வேர் கருகும். மக்கின எருவாகப் போட்டால் பயிர் தழைக்கும். இந்த வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். யூரியா போட்டாலும் அதை முதலில் அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரைட்டாகவும், கடைசியில் நைட்ரேட்டாகவும் மாற்றுவது மண்ணில் உள்ள நுண்ணுயிர்களே.

மீன் தொட்டியிலும் இதே கதைதான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிச்சப்படும் இரையும் கழிவும் அழுகி அம்மோனியா ஆகின்றன. அது மீனுக்கு நஞ்சு. அதிலும் கடல்நீர் காரத்தன்மை உள்ளது, நம் ஊர் வெக்கையும் அதிகம். இந்த இரண்டும் சேரும்போது அம்மோனியாவின் கடுமை கூடுகிறது. கடலிலே தண்ணீர் ஏராளம். நஞ்சு கலைந்து போகும். தொட்டியில் அது எங்கே போகும்? அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கல்லிலும் குடியேறியிருக்க வேண்டும். புதுத் தொட்டியில் அவை கிடையாது. அவை பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

தொட்டியைத் தயார் செய்தல்

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். தொடங்குகிறவர்களுக்கு இது போதும். இதைவிடச் சின்னத் தொட்டி சுலபம் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய அது கெட்டுப்போகும் வேகம் கூடும். நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

ஆற்று முகத்திலும் துறைமுகத்துக்குப் பக்கத்திலும் கடல்நீர் எடுக்கக் கூடாது. சுத்தமான நீரை மூடி வைத்துத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. கடல்நீரில் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் என்று இன்னும் பல உப்புகள் கலந்திருக்கின்றன. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். உப்பை அளக்கும் கருவி ஒன்று கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

காற்றுப் பம்பு, வடிகட்டி இரண்டும் இரவு பகல் ஓட வேண்டும். நுண்ணுயிர்களுக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டுமல்லவா? வடிகட்டியில் நன்றாகக் கழுவிய சிப்பி ஓட்டுத் துண்டுகளைப் போடலாம். பவளப்பாறைத் துண்டை மட்டும் எடுத்துவந்து போட்டுவிடாதீர்கள். பாறை கட்டும் பவளங்களும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்பட்டவை. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதியிலிருந்து மீனோ கல்லோ எதுவும் எடுக்கக் கூடாது. பொரிப்பகக் குஞ்சை வாங்குவதுதான் சட்டத்துக்கும் கடலுக்கும் நல்லது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், மீன் இல்லாத தொட்டியில் ஒரு சிறு இறால் துண்டை வலைப்பையில் கட்டிப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதுதான் நுண்ணுயிருக்குத் தீனி. நோயில்லாத பழைய கடல்நீர்த் தொட்டி தெரிந்தவர்களிடம் இருந்தால், அதன் வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ஓட்டுத் துண்டை ஈரம் காயாமல் வாங்கிவந்து போடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது. வேலை சீக்கிரம் முடியும்.

பழுத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? நாள் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. அலங்கார மீன் கடைகளில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். கடல்நீரில் நைட்ரைட்டின் கடுமை குறைவுதான் என்றாலும், அது தெரிகிறவரை தொட்டி பாதிப் பழம்தான். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் காட்டாமல், நைட்ரேட் மட்டும் காட்டினால் தொட்டி தயார். இறால் மிச்சத்தை எடுத்துவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு மீனுக்குச் சொல்லி அனுப்பலாம்.

மீன் வரும் நாள்

வாங்கும் இடத்திலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் கண்முன்னே குஞ்சுகளுக்கு இரை போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்கிற குஞ்சாகப் பார்த்து எடுங்கள். அடுத்து, அங்கே உள்ள தண்ணீரின் உப்பு அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தண்ணீரை முன்கூட்டியே அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. மீனைத் தண்ணீருக்குப் பழக்குவதைவிட, தண்ணீரை மீனுக்கு ஏற்றபடி வைப்பது சுலபம்.

கடல் மீனின் உடம்பில் உள்ள உப்பு கடல்நீரைவிடக் குறைவு. அதனால் அதன் உடம்பு நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்து, மிஞ்சின உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. உப்பு அளவு திடீரென்று மாறினால் இந்தக் கணக்குத் தப்பி மீன் தளர்ந்துவிடும்.

பையைப் பிரிக்காமல் 20 நிமிஷம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். உள்ளேயும் வெளியேயும் சூடு ஒன்றாகும். பிறகு பையைப் பிரித்து, மீனைத் தண்ணீரோடு ஒரு சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் மெதுவாகச் சாய்த்து, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்றி வாருங்கள். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதற்கு மேல் இழுக்காதீர்கள். காரணம் உண்டு. மூடின பையில் மீன் விட்ட மூச்சுக்காற்று கரைந்து தண்ணீரின் காரம் குறைந்திருக்கும். அதனால் அம்மோனியாவின் வேகம் அடங்கியிருக்கும். பையைப் பிரித்ததும் காரம் ஏறும், நஞ்சும் ஏறும். வெகுதூரம் பயணம் செய்து வந்த மீனாக இருந்தால் இன்னும் சுருக்கமாக முடிக்க வேண்டும்.

கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. அதில் கழிவும் இருக்கும், நோயும் இருக்கலாம். அன்று முழுவதும் விளக்கைப் போடாதீர்கள். இரையும் வேண்டாம். புது வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி, ஒரு நாள் அமைதியாக இருந்து இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எத்தனை மீன்?

முதல் தடவை ஓர் அங்குலக் குஞ்சு 5 அல்லது 6 போதும். "இவ்வளவு பெரிய தொட்டிக்கு இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். நுண்ணுயிர்கள் கிடைக்கிற தீனிக்குத் தக்கபடிதான் பெருகும். ஒரே நாளில் 40 மீனை விட்டால் அவற்றால் சமாளிக்க முடியாது. இரண்டு வாரம் கழித்துச் சோதனை செய்து, அம்மோனியா காட்டவில்லை என்றால் அடுத்த தொகுதியை விடுங்கள்.

அந்த அடுத்த தொகுதி வரும்போதுதான் இன்னொரு தொல்லை வரும். கோமாளி மீன் பிறக்கும்போது எல்லாம் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பிறகு பெண்ணாக மாறும். அது ஒரு ஆணோடு சோடி சேர்ந்துவிட்டால் மற்றவற்றை விரட்டி விரட்டிக் கடிக்கும். ஆகவே ஒரே அளவுக் குஞ்சுகளாக வாங்குங்கள். புதிதாக விடுவதற்கு முன் தொட்டியில் உள்ள ஓடுகளையும் சட்டிகளையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய மீன் தன் எல்லையை மறந்துவிடும். அப்படியும் சண்டை ஓயவில்லை என்றால் நடுவில் வலைத் தடுப்பு வையுங்கள்.

பின்னால் வாங்கும் மீனை நேரே பெரிய தொட்டியில் விடக் கூடாது. சந்தையில் வாங்கிய ஆட்டைக் கொஞ்ச நாள் தனியே கட்டி வைப்பதில்லையா? அதுபோலத் தனிச் சிறு தொட்டியில் 3 வாரமாவது வைத்துப் பாருங்கள். உடம்பில் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளி, வேகமான மூச்சு, கல்லில் உடம்பைத் தேய்ப்பது, இவை வெண்புள்ளி நோயின் அறிகுறிகள். மருந்து கொடுப்பதாக இருந்தால் அந்தச் சிறு தொட்டியில் மட்டும், மீன்வளத் துறையினரைக் கேட்டுக் கொடுங்கள். பெரிய தொட்டியில் மருந்து ஊற்றினால் வளர்த்து வைத்த நுண்ணுயிரும் சேர்ந்து போகும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

பூச்சிமருந்து கலக்கிய வாளியை எத்தனை தடவை கழுவினாலும் சரி, தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மருந்து தெளித்த கையோடு தண்ணீரைத் தொடக் கூடாது. காற்றுப் பம்பு பக்கத்தில் உள்ள காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. ஆகையால் அந்த அறையில் பூச்சிமருந்தோ கொசு மருந்தோ அடிக்கவே கூடாது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் உப்புநீரை எடுக்காதீர்கள். செம்பு கரைந்து நஞ்சாகும்.

தண்ணீர் வற்றினால் கடல்நீர் ஊற்றாதீர்கள். உப்பளத்தில் பார்க்கிறோமே, வெயிலில் தண்ணீர்தான் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு வற்றினால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 கிராம் ஆகிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, கோடு வரைக்கும் நல்ல தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். குழாய்த் தண்ணீராக இருந்தால், குளோரின் போக ஒரு நாள் காற்றுவிட்டு வைத்து ஊற்றுங்கள்.

கரண்ட் போனால் ஓட்டுவதற்குப் பேட்டரிப் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும். உப்புநீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும். தொட்டியில் கை வைக்கும் முன் சுவிட்சை நிறுத்துங்கள். குழந்தைகளை வயர்களை அண்ட விடாதீர்கள்.

இரை விஷயத்தில் தாராளம் கூடாது. பொடியாக நறுக்கிய இறால், மட்டிச் சதை போன்றவற்றைத் தினம் இரண்டு மூன்று வேளை, 5 நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு போடுங்கள். மிச்சம் கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பாசத்தால் கூடப் போட்ட இரைதான் பல தொட்டிகளைக் கெடுக்கிறது. வளர்த்த மீன் வேண்டாம் என்றாலும் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டி நோய் கடலுக்குப் போய்விடும்.

இன்னும் ஒன்று. குஞ்சு வாங்கும் முன்பே, வளர்ந்த மீனை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கித் தொடங்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

சுருக்கமாகச் சொன்னால், தொட்டி பழுக்க 4 முதல் 6 வாரம், மீனைப் பழக்க ஒரு மணி நேரத்துக்குள், அடுத்த தொகுதிக்கு இரண்டு வாரம், பின்னால் வரும் மீனைத் தனியே வைக்க 3 வாரம். உழுதவுடனே யாரும் அறுவடையை எதிர்பார்ப்பதில்லை. நிலத்துக்குக் காட்டுகிற அந்தப் பொறுமையைத் தண்ணீருக்கும் காட்டுங்கள். போட்ட முதல் வீண் போகாது.