பொலன்னறுவையில் ஒரு தமிழ்ச் சூளுரை



இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் உள்ள பொலன்னறுவை, பௌத்தர்கள் போற்றும் பழம்பதி. அங்குள்ள கல்விகாரையில் பாறையிலே செதுக்கப்பட்ட, ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள கிடந்த கோலப் புத்தரைக் காணவே பெரும்பாலோர் செல்கின்றனர். நாமும் அவ்வாறே சென்றோம். ஆயினும், நம்மை நெடுநேரம் நிறுத்தியது, அட்டதாகே என்னும் இடிபாட்டின் அருகே நிற்கும் ஒரு கல்வெட்டு. அதன் மொழி தமிழ்.

1070இல் சோழரிடமிருந்து பொலன்னறுவையை மீட்ட முதலாம் விசயபாகு, புத்தரின் புனிதப் பல்லைப் பேணுவதற்கென எழுப்பிய கோயிலே அட்டதாகே. அவன் படையில் வேளைக்காரர் என்போர் இருந்தனர். இப்பெயரை ‘வேலைக்காரர்’ என மயங்குதல் கூடாது. உற்ற வேளையில் உயிரையும் தருவதாகச் சூளுரைத்த வீரர் என்று இதற்குப் பொருள் கூறுவர். சோழர்மீது படைசெலுத்தப் பணித்தபோது இவர்கள் கிளர்ந்தெழுந்ததையும், அரசன் இவர்களைக் கடுமையாக ஒறுத்ததையும் சூளவம்சம் கூறுகிறது.

ஐம்பத்தைந்து ஆண்டு ஆண்ட அவ்வரசன் மறைந்தபின், முகலன் மகாதேரர் அதே வேளைக்காரரை அழைத்து, அக்கோயிலின் காவலை ஒப்படைத்தார். அவர்களும் இசைந்தனர். கோயிலையும் அதற்குரிய ஊர்களையும் உடைமைகளையும், தமக்கு அழிவே நேரினும் காப்போம் என உறுதிகூறிக் கல்லில் வெட்டுவித்தனர். கோயிலுக்குத் தம் பெயரையே சூட்டிப் ‘பெரும்பள்ளி’ என்றழைத்தனர்.

‘பள்ளி’ என்னும் அச்சொல்லை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். சமணத் துறவியரும் பௌத்தத் துறவியரும் உறைந்த இடம் பள்ளி. இசுலாமியர் தொழும் இடம் பள்ளிவாசல். இம்மலேசிய மண்ணில் நம் பிள்ளைகள் பயிலும் இடம் தமிழ்ப்பள்ளி. இத்தனை பேருக்கும் இடந்தந்த சொல்லை உடைய மொழியை ஒரு சமயத்தின் உடைமையாகக் கருதும் போக்கு நம்மிடையே இன்று வளர்ந்து வருகிறது. அது நம் முன்னோர் அறியாத குறுகல்.

அந்நகரிலேயே, சோழர் எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சுரம் என்னும் சிவன் கற்றளியிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அங்கு நம்மவர் பெருமிதத்தோடு நின்று படமெடுத்துக்கொள்கின்றனர், அது முறையே. ஆனால், வேளைக்காரர் கல்லை அறியாமலே பலர் திரும்பிவிடுகின்றனர். முன்னது தமிழர் ஆண்டதைச் சொல்கிறது. பின்னது, பிறர் போற்றும் புனிதத்தைக் காப்பதாகத் தமிழில் அளித்த வாக்கைச் சொல்கிறது. பல சமயத்தார் கூடிவாழும் இந்நாட்டில், நம் மாணவர்க்கு இரண்டையும் கற்பிப்பது நம் கடமை.