முடிவாகாத மார்பகப் படமும் எம்.ஆர்.ஐ. சோதனையும்

(விழாவின் மகளிர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மேமோகிராம் அறிக்கையில் 'பைராட்ஸ் 0' என்று கண்டதும் நடுங்கும் குடும்பங்கள் உண்டு. பூச்சியம் என்றால் நோயில்லை என்றெண்ணி, அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடும் குடும்பங்களும் உண்டு. இரண்டும் பிழை. இவ்வரிசை 0 முதல் 6 வரை செல்வது. குறையொன்றும் காணப்படாத நிலைக்கு உரிய எண் 1 ஆகும். 0 என்பதன் பொருள், கிடைத்த படங்களைக் கொண்டு இன்னும் எதுவும் கூற இயலவில்லை என்பதே. சப்தபங்கி கற்ற மரபினர்க்கு 'அவக்தவ்யம்' என்னும் சொல் புதிதன்று. உண்டு, இல்லை என இரண்டையும் ஒருங்கே சொல்லலாகாத நிலை அது. ஆயினும் ஒப்புமை அம்மட்டே. அங்கே அது பொருளின் இயல்பு பற்றியது. இங்கே படத்தின் குறை. வேறு படம் எடுத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

அடர்ந்த சுரப்பித் திசு மேமோகிராமில் வெண்மையாகத் தெரியும். கட்டியும் வெண்மையாகவே தெரியும். வெண்மைக்குள் வெண்மை மறைவதும், திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டிபோல் தோன்றுவதும் இதனால்தான். ஆகவே முதலில் ஐயமுள்ள இடத்தை மட்டும் அழுத்தி மீண்டும் படம் எடுப்பர், அல்ட்ராசவுண்ட் பார்ப்பர், பழைய படங்களோடு ஒப்பிடுவர். பெரும்பாலான ஐயங்கள் இங்கேயே தீர்ந்துவிடும். இப்படிகளைக் கடவாமல் நேரே எம்.ஆர்.ஐ.க்கு ஓடுவது வீண் செலவு.

இவற்றாலும் தெளிவு பிறவாதபோதே எம்.ஆர்.ஐ.க்கு இடம் உண்டு. ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்து மறு கோணத்தில் மறையும் அடர்த்தி ஒரு சான்று. முன்பு கட்டி அகற்றிய இடத்தில் தெரிவது ஆறிய தழும்பா, மீண்ட நோயா என்னும் ஐயம் மற்றொன்று. இச்சோதனையில் கை நரம்பின் வழியே காடோலினியம் கலந்த மருந்து செலுத்தப்படுகிறது. புற்றுக்கட்டி தனக்கென உண்டாக்கிக்கொள்ளும் புதிய இரத்தக்குழாய்கள் கசியும் தன்மையுடையவை. மருந்து அவ்விடத்தில் விரைந்து ஏறும், பலவேளைகளில் விரைந்து வடியவும் செய்யும். நெடுநாள் ஆறிய தழும்பு பொதுவாக அவ்வாறு ஒளிர்வதில்லை. மேமோகிராம் வடிவத்தைக் காட்டுகிறது, எம்.ஆர்.ஐ. இரத்த ஓட்டத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

இனி, குடும்பங்களில் மிகுதியாக நேரும் தவற்றைச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சியைப் பரிந்துரைக்கிறார். 'ஊசி பட்டால் புற்று பரவும்' என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் தடுக்கிறார். ஊசியில்லாத சோதனை என்று எண்ணி எம்.ஆர்.ஐ.யைக் கேட்கின்றனர். அதில் ஒன்றும் தெரியாவிடின் மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். இது பேரிடர். மேமோகிராமில் தெரியும் நுண்ணிய சுண்ணத் துகள்களை எம்.ஆர்.ஐ. காட்டுவதில்லை, அத்துகள்களோ சிலவேளை தொடக்கநிலைப் புற்றின் ஒரே அடையாளம். பைராட்ஸ் 4 அல்லது 5 என்று குறிக்கப்பட்டபின் எம்.ஆர்.ஐ. தெளிவாக இருந்தாலும் பயாப்சியைக் கைவிடலாகாது. ஊசியால் திசு எடுப்பது நோயாளியின் வாழ்நாளைக் குறைப்பதாகச் சான்றில்லை. 4 என்று குறிக்கப்பட்டவற்றுள்ளும் பெரும்பாலானவை தீங்கற்றவையாகவே முடிகின்றன என்பதை அஞ்சும் பெரியவர்க்கு எடுத்துரைக்கலாம்.

மறுபுறமும் உண்டு. எம்.ஆர்.ஐ. தீங்கற்ற பலவற்றையும் ஒளிரச் செய்யும். ஒரு ஐயத்தைத் தீர்க்கப் போய் இரண்டு ஐயங்களோடு திரும்புவோர் உளர். எம்.ஆர்.ஐ.யில் மட்டுமே தெரியும் ஒன்றிலிருந்து, அதன் வழிகாட்டலிலேயே திசு எடுக்க வேண்டியும் நேரலாம். அவ்வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. முன்னரே கேட்டறிவது நன்று.

மாதவிலக்கு நிற்காதவர்க்கு, இயன்றவரை, விலக்கு தொடங்கிய 7 முதல் 14 நாள்களுக்குள் சோதனை அமைய வேண்டும். மற்ற நாள்களில் இயல்பான திசுவே ஒளிர்ந்து குழப்பும். குப்புறப் படுத்து ஏறத்தாழ அரைமணி நேரம் அசையாதிருத்தல் வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர், சிறுநீரகம் பழுதுற்றவர், கருவுற்றவர் ஆகியோர் முன்கூட்டியே சொல்லிவிடல் வேண்டும். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை.

நம் குலத்துப் பெண்டிர் கேட்கத் தயங்கும் இரு வினாக்கள் உள. காடோலினியம் உயிர்களிடமிருந்து பெறப்படுவதா? அன்று, அது மண்ணிலிருந்து எடுக்கப்படும் உலோகம். நோன்புக் காலத்தில் சோதனை நாள் வந்தால்? 0 என்று குறிக்கப்பட்டவர், மருத்துவரிடம் சொல்லி, தசலட்சணப் பருவத்தின் 10 நாள்கள் கழித்துச் செய்துகொள்வதால் பொதுவாகக் கேடில்லை. மாதங்கள் கடத்துவதே கேடு. செல்லும்போது அறிக்கைத் தாளோடு நில்லாமல், பழைய மேமோகிராம் படங்களையும் குறுந்தகடுகளையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.